பத்து மீட்டர்

நெட் போய் ஆறு நாள்.
கோபுரங்கள் கொக்கு மாதிரி நிற்கின்றன,
எதையும் கொத்தாமல்.

இன்று சாயங்காலம் சந்தை முனையில்
தனாக்கா காய்ந்து வெடித்த கன்னத்தோடு
ஒரு வெற்றிலைக்காரி என்னை நிறுத்தினாள்.
தெருவின் எண்ணைப் பர்மியத்தில் சொல்லி
அந்தப் பச்சைக் கட்டடத்து ஆள்தானே என்றாள்.
ஆமாம்.
போனை நீட்டு.

இரண்டு போனும் வெற்றிலைக் கூடைமேல்
தலையோடு தலை வைத்துப் படுத்தன.
அவளிடமிருந்து என்னிடம் வந்தது
பத்தொன்பது நொடிக் குரல் ஒன்று.
அவளுக்கு ஒரு ரயில்காரன் கொடுத்தானாம்.
அவனுக்கு, பகோ ஸ்டேஷன் டீக்கடைப் பையன்.
அதற்கு முன்னால் யாரோ, அவளுக்குத் தெரியாது.
கை, ஜேப்பு, கூடை, மறுபடி கை.
நடுவில் கம்பெனி கிடையாது, கட்டணம் கிடையாது.
நான் காசு எடுத்தபோது
வெற்றிலைக்குத்தான் காசு என்றாள். வாங்கினேன்.

கோப்பின் பெயரில் இருந்தது இவ்வளவுதான்:
இருபத்தேழாம் தெரு, இரண்டாம் மாடி, அப்பாவுக்கு.

இரண்டாம் மாடி என்றால் சிகாமணி.

நாலு வருடமாகப் பேச்சில்லை.
முப்பது மூட்டை உளுந்து நனைந்தது,
தார்ப்பாய் யார் போட்டிருக்க வேண்டும்
என்பதில் கடை இரண்டாகி
அந்த இரண்டும் மூடியாகிவிட்டது.
படியில் எதிர்ப்பட்டால்
அவர் சுவரைப் பார்ப்பார், நான் செருப்பை.

மூன்று நொடி கேட்டேன். தப்புதான்.
"அப்பா, நான் தௌங்கூவுல..."
நிறுத்திவிட்டேன்.
மிச்சம் பதினாறு என்னுடையதல்ல.

போய்க் கதவைத் தட்டலாம்.
மூன்றாம் மாடி வரைக்கும் இறங்கினேன்,
ஏறி வந்துவிட்டேன்.

ஐந்தாம் மாடியில் நின்று ப்ளூடூத்தைத் தேடவிட்டேன்.
கோ ஸோவின் போன். யாரோ ஒருவரின் டிவி.
'தொடாதே' என்று பெயர் வைத்த ஒன்று.
சிகாமணி இல்லை. நடுவில் மூன்று தளம் கான்கிரீட்.
ஆனால் பழைய இணைப்புகளின் பட்டியலில்,
தொலைத்துவிட்ட ஸ்பீக்கருக்கும் கீழே,
இருந்தார்.
பக்கத்தில் 'மறந்துவிடு' என்று ஒரு பொத்தான்.
அவ்வளவு கோபத்திலும்
அது எனக்குத் தோன்றவே இல்லை.

பால்கனியில் கயிறு தொங்குகிறது,
நுனியில் கிளிப், என் பக்கம் மணி.
காலையில் மோஹிங்கா ஏறும் கயிறு.
அனுப்பு என்று அழுத்தி, போனைப் பையில் போட்டு,
கிளிப்பில் மாட்டி இறக்கினேன்.
கரண்டும் இல்லாத தெருவில்
நீலமாய் ஒரு வெளிச்சம் சுழன்றுகொண்டே போனது.
நாலாம் மாடியில் காயப்போட்ட லொங்யி ஒன்று
அதை முகர்ந்து பார்த்து விட்டது.
மூன்று. கை கையாய்க் கயிறு விட்டேன்.
இரண்டு.

இப்போது அவர் திரையில் கேள்வி எழும்,
ஏற்கவா, மறுக்கவா என்று.
அனுப்புவது யார் என்ற இடத்தில் என் பெயர் வராது.
என் போனுக்கு இன்னும் கடையின் பெயர்தான்:
சௌபாக்கியம் டிரேடர்ஸ்.
மாற்றத் தெரியாமல் விட்டது.

பார்ஜ் ஒன்பது சதவீதம் என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

காத்திருந்தேன். கொசு கடித்தது.
அடிக்க ஒரு கை போதும், மற்றது கயிற்றில்.

பிறகு கீழேயிருந்து அந்தப் பெண்ணின் குரல்.
முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.
மறுபடி.
சொற்கள் காதில் விழாத தூரத்துக்கு
உள்ளே நகர்ந்துகொண்டேன்,
கயிறு எட்டிய மட்டும்.

வெகுநேரம் கழித்து மணி அடித்தது.
இழுத்தேன். இறக்கியதைவிடக் கனம்.
பைக்குள் என் போன்,
அதன் வயிற்றில் செருகிய குட்டை ஒயர்,
ஒயரின் மறுமுனையில்
மூலை உடைந்த பவர் பேங்க்.
கடைக்கென்று பாதிப் பாதி போட்டு வாங்கியது.
என் பாதி எது என்று அன்று சண்டை போட்டிருக்கிறேன்.

சீட்டு எதுவும் இல்லை. பையை உதறியும் பார்த்தேன்.
பதினொன்று.
பன்னிரண்டு.